பஞ்சர் கடைக்காரர் பாத்திரம்

மூன்றாவது விமர்சனமும் அதையேதான் சொன்னது.

கோர்ட் வராந்தாவில், கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதைப் போனில் படித்தாள். அவள் எழுதும் நீதிமன்றத் தொடர் டிவியில் வரத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது.

நீதிபதி சுத்தியலால் மேஜையைத் தட்டும் இடம் யதார்த்தத்தின் உச்சமாம்.

சுத்தியலா! அவள் அதை எழுதவே இல்லை. இயக்குநர் கடையில் வாங்கி வந்து வைத்தது. ஆறு வருஷமாக இந்த வராந்தாவைத் தேய்க்கிறாள், ஒரு சுத்தியலைக் கண்ணால் பார்த்ததில்லை.

அடுத்த வரி: 'பஞ்சர் கடைக்காரர் பாத்திரம் சுத்த அபத்தம். விபத்தைப் பார்த்த ஒரே சாட்சியாம். கடையை அடைத்துவிட்டுப் பத்து முறை வருகிறாராம். பத்து முறையும் பேசவிடாமல் அனுப்பிவிடுகிறார்களாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?'

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த அபத்தம் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. வெளுத்த சட்டை, நகக்கண்ணில் போகாத கறுப்பு. பொன்னுலிங்கம். அவள் அண்ணனை லாரி அடித்ததைப் பார்த்த ஒரே ஆள். இன்றைக்குப் பதினோராவது முறை வந்திருக்கிறார்.

காலையிலேயே சேனலிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஜனங்களுக்கு அலுத்துவிட்டதாம். பஞ்சர் கடைக்காரரைத் தூக்கிவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் தீர்ப்பைக் கொண்டுவர வேண்டுமாம். மாட்டேன் என்றால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வார்களாம்.

என்னவோ தீர்ப்பு இவள் கைப்பையில் இருக்கிற மாதிரி!

மாட்டேன் என்றுதான் சொல்வதாக இருந்தாள். அந்தத் தொடரில் நிஜம் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

டவாலி வாசலில் வந்து நின்று பொன்னுலிங்கத்தின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அவளும் பின்னால் போனாள்.

லாரிக்காரரின் வக்கீலுக்கு உடம்பு சரியில்லையாம். ஜூனியர் வாய்தா கேட்டார். கிடைத்தது.

பொன்னுலிங்கம் கூண்டுப் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். உங்களை அபத்தம் என்கிறார்கள், தூக்கச் சொல்கிறார்கள், எவன் என்ன சொன்னாலும் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வீட்டில் எல்லோரும் அந்தத் தொடரைப் பார்க்கிறார்கள் என்றார்.

"அதுலயாவது என்னையப் பேச விட்டுருங்க தாயி."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

டவாலி மூன்று முறை கூப்பிடுகிறார் என்று எழுதினாள்.

அவர் கூண்டில் ஏறுகிறார் என்று எழுதினாள்.

பேனா நின்றுவிட்டது.

அண்ணனுடைய கடைசி நிமிஷத்தில் பக்கத்தில் இருந்தவர் அவர். என்ன பார்த்தீர்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் வாயெடுத்த போதெல்லாம், கோர்ட்டில் சொல்லுங்கள் என்று எழுந்து போயிருக்கிறாள்.

நோட்டை மூடாமலே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.