பெயர் சொல்லிக் கூப்பிட்டவள்

ஒலிப்பதிவுக் கூடத்து மேஜையில் பழைய மெழுகு உருளையும் புதிய கீபோர்டும் அருகருகே இருந்தன. நூறு வருஷத்துக்கு முன் உருளை பிடித்து வைத்த ஒரு பெண்ணின் குரலை அன்று காலைதான் கீபோர்டுக்குள் ஏற்றியிருந்தார்கள்.

“உங்ககிட்ட இருந்த அம்மா இப்போ என் எல்லாக் கட்டையிலும் இருக்காங்க. எதை அழுத்தினாலும் பாடுறாங்க” என்றது கீபோர்டு.

“அவ பாடவே இல்லை, தம்பி” என்றது உருளை. “குரலைப் பிடிக்க அப்போ என் முன்னால வெச்சிருந்த புனல்ல பேசினா கடல் தாண்டிக் கேட்கும்னு யாரோ சொல்லிட்டாங்க. கப்பலேறிப் போன மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா.”

கீபோர்டு தன் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தது. நீளமாக ‘ஆ’ மட்டும் வந்தது.

“இழுத்த இடத்தை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சிட்டாங்க. அந்தப் பேர் என்ன, பெரியவரே?”

“என்கிட்ட இல்லையே. ஊசி ஓட ஓட மெழுகு தேயும். காலையில ஓடினதுல அதுவும் போச்சு. உன்கிட்ட கொடுத்தாச்சுன்னு நிம்மதியா இருந்தேன்.”

சாயங்காலம் கச்சேரியில், கட்டைக்குக் கட்டை அந்தத் தாய் கூப்பிட்டாள். அரங்கம் முழுக்கக் கைதட்டினார்கள். “என்னம்மா?” என்று ஒருவரும் கேட்கவில்லை.