திறந்துதான் கிடக்கு

மலேசியாவின் கூலாய் நகர மண்டபத்தில், தான் உருவாக்கிய இலவசத் தமிழ்த் தட்டச்சுச் செயலியைக் குகநாதன் திரையில் இயக்கிக் காட்டினார். பாதியிலேயே அது அசையாமல் நின்றுவிட்டது.

"அலமாக்! பாத்தீங்களா? இதுக்குத்தான் ஆள் வேணும்ங்கிறேன். செயலியோட கோட் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கு. சும்மா யூஸ் பண்ணா மட்டும் பத்தாதுலா, தப்பைத் திருத்தி அனுப்புங்க. இத்தனை பேர் யூஸ் பண்றீங்க, ஒருத்தராவது அனுப்பியிருக்கீங்களா?"

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து பிரவீனா எழுந்தாள்.

"இதே கோளாறைத் திருத்தி போன வருசமே அனுப்பினேன் சார்."

"அப்படியா? என் கண்ணுல படலையே."

"பட்டுச்சு சார். பதில்கூட போட்டீங்க."

"நானா? என்னன்னு?"

பிரவீனா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"'யூஸ் பண்றதோட நிறுத்திக்கம்மா'ன்னு."