துயரம் பற்றி ஆறு பக்கம்

அரிமளம் பேருந்து நிறுத்தத்தின் இளவெயிலில் தோழிகள் இருவர் கல்லூரிக் கட்டுரைகளை மாற்றிக்கொண்டு படிக்கிறார்கள். இலக்கியாவின் கையில் கண்ணாத்தாள் எழுதிய உளவியல் கட்டுரை. கண்ணாத்தாளின் மடியில் இலக்கியாவின் தத்துவக் கட்டுரை. தாள்கள் காற்றில் படபடக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் இலக்கியாவின் விரல் நின்றுவிடுகிறது. ‘இறந்துபோன அப்பாவின் நம்பருக்குத் தினமும் போன் செய்து பார்க்கும் என் தோழி’ என்று அங்கே எழுதியிருக்கிறது. கண்ணாத்தாள் தன் மடியிலிருக்கும் தத்துவத்தை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்க்கிறாள். “ஒன்னையக் கேக்காம எழுதிட்டேன்டி. வேணாம்னா கிழிச்சுரு.” பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. இலக்கியா எழுந்திருக்கவில்லை. தோழியின் தோளில் சாய்ந்தபடி பேனாவை வாங்கி, ‘தினமும்’ என்ற சொல்லை மெதுவாக அடிக்கிறாள். “இப்பல்லாம் ஞாயித்துக்கெழம மட்டுந்தான்டி.”