லாரிக் கதவில் கிளி

சாயங்கால வெயிலில் தகர லாரியின் பச்சைப் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று தாமோதரன் சுண்டுவிரலால் தொட்டுப் பார்க்கிறான். பர்மா சண்டையில் அவன் ஓட்டி, குண்டில் எரிந்துபோன பட்டாள லாரியைத்தான் உள்ளங்கையளவுக்குச் செய்திருக்கிறான். கதவில் ஒட்ட, பட்டாள வண்டிக்குரிய வெள்ளை நட்சத்திரம் இல்லை. டிரங்குப் பெட்டிகளுக்கு அவன் ஒட்டும் கிளிப் படங்கள்தான் இருக்கின்றன. கிண்ணத்துத் தண்ணீரில் ஊறிய காகிதத்திலிருந்து ஒரு கிளி நழுவிக் கதவில் உட்காருகிறது. பச்சைமேல் பச்சை, சிவந்த மூக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. ராயபுரத்துக் கடற்காற்று அதைச் சுருட்டிவிடாமல் அவன் மனைவி மங்கை முந்தானையை விரித்து மறைக்கிறாள். “பட்டாள வண்டில கிளி கீதேன்னு சிரிக்கப்போறானுங்க” என்கிறான், ஈரத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டே. “சிரிக்கட்டுமே. சிரிச்சிக்கினே எவன்யா குண்டு போடுவான்?” என்கிறாள் மங்கை. அவன் தழும்பேறிய கையால் மறு கதவுக்கும் ஒரு கிளியைத் தண்ணீரில் போடுகிறான்.