கல் பொறுக்கப் போனவள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் பார்க்க இரண்டு கார் நிறைய ஆட்கள் வந்திறங்கினார்கள். கூடவே இறங்கிய பால்கோவாவுக்குத் தனியாக ஒரு கார் பிடித்திருக்கலாம்.

சங்கையா வீட்டுக் கூடத்தில் பாதி, பேண்டேஜ் துணிக்கட்டுகளுக்குச் சொந்தம். வெளுத்துக் காய்ந்து, லாரிக்குக் காத்திருந்தவை. அவற்றுக்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டிருந்தார்.

மகள் அனுசியா காபி கொடுத்துவிட்டு நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

போன வருடம் தென்துருவத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, வானத்திலிருந்து விழுந்த கற்களைத் தேடிவிட்டு வந்தவள் அவள். மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். டிசம்பரில் கிளம்ப வேண்டும். அந்த நினைப்பில்தான் அவள் ஆறு மாதமாகச் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் வெள்ளத்தாய், கூடாரத்தில் ஆம்பளைகள் எத்தனை பேர் என்று முதலில் கேட்டாள். பிறகு, குளிப்பது எப்படி என்று கேட்டாள். அங்கே குளிக்க முடியாது என்று தெரிந்ததும் பால்கோவாத் தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"கல்லு பொறுக்கவா தாயி அம்புட்டுத் தூரம் போன? எங்க வீட்டு ரேசன் அரிசியில இல்லாத கல்லா?"

இரண்டு கார் ஆட்களும் சிரித்தார்கள். சங்கையாவும் சிரித்தார். பெண்ணைப் பெற்றவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

மாப்பிள்ளை பாண்டிதுரை பெரிய மனது பண்ணி ஒரு கேள்வி கேட்டான். வானத்துக் கல்தான் என்று எப்படித் தெரியும்?

சுத்தமான பனிப்பாளத்தில் கல் இருக்க வழியே இல்லை என்று அனுசியா சொன்னாள். வெள்ளையில் ஒரு கறுப்பு தெரிந்தால் அது மேலேயிருந்து வந்தது. விழும்போது எரிந்து மேல்தோல் மட்டும் கறுத்திருக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் சாம்பல் நிறம்.

பாண்டிதுரை சட்டென்று காபியைக் குடித்தான்.

அவள் சொல்லாதது ஒன்று உண்டு. அவள் கண் பனியில் பழகியதல்ல. சின்ன வயதிலிருந்தே அப்பாவின் துணியில் பருத்திக்கொட்டைத் துணுக்கையும் எண்ணெய்ப் பொட்டையும் தேடிப் பழகியது. ஒரு கறுப்பு கிடந்தாலும் கட்டு முழுவதும் திரும்பி வந்துவிடும்.

கரண்ட் போனது. மே மாதத்து ராஜபாளையம்.

பாண்டிதுரை கைக்குட்டையால் கழுத்தை மட்டும் ஒற்றினான். நெற்றிப் பக்கம் போகவில்லை. செத்த நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த துணிக்கட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

வெள்ளத்தாய் தீர்ப்புக்கு வந்தாள். டிசம்பருக்கு வரவில்லை என்று சொல்லிவிட வேண்டியது, ஆவணியில் கல்யாணம். பையனுக்கு முப்பத்திரண்டுதான், இன்னும் பத்து இடம் வரும். இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வருமா என்பதை அவளைப் பெற்றவர்தான் யோசிக்க வேண்டும்.

சங்கையா யோசித்தார். மகள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

கையோடு தட்டை மாற்றிவிடலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள். மாப்பிள்ளையும் எழுந்தான்.

அனுசியா பார்த்துவிட்டாள்.

பனியில் ஒரு வழக்கம் இருந்தது. கல்லைக் கண்டவர் அதைக் கையால் தொடக் கூடாது, கத்தவும் வேண்டாம். பக்கத்தில் போய் நின்றால் போதும். மற்றவர்கள் வந்து பார்ப்பார்கள்.

அவள் போய் அந்தத் துணிக்கட்டின் பக்கத்தில் நின்றாள்.

வெற்றிலைத் தட்டோடு திரும்பிய சங்கையா அப்படியே நின்றார். வெள்ளைத் துணியில், மாப்பிள்ளையின் தலை சாய்ந்திருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

விரலால் தேய்த்தார். விரலும் கறுத்தது. முகர்ந்து பார்த்தார்.

மகளைப் பார்த்து இரண்டு கார் ஆட்கள் சிரித்தபோது வராத கோபம், துணியைப் பார்த்ததும் அவருக்கு வந்தது. தட்டைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு வயசு எம்புட்டுன்னு சொன்னீய, மதினி?"