இடைவேளைச் சொற்பொழிவு

மகாதேவன் கூடாரத்துக்குள் நுழைந்ததும் பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆரஞ்சுச் சுளை மென்றுகொண்டிருந்த இருபது வாய்கள் அப்படியே நின்றன.

"பாத்தீங்களா ஜெகதீஷ்," என்றார் மகாதேவன், குடையை மடக்கியபடி. "இதுக்குப் பேருதான் டிசிப்ளின். ஒம்பது வருஷ உழைப்பு. வீடியோ ஓடுதில்ல?"

"ஓடுது சார்," என்றார் ஜெகதீஷ். மெல்பர்னில் ஒரு தமிழ் மன்றத்துக்குச் செயலாளர். அடுத்த மாத ஆண்டு விழாவில் மகாதேவனுக்குக் 'களப் பேரொளி' பட்டம் கொடுக்கும்போது திரையில் போடுவதற்காகப் படம் பிடிக்க வந்திருந்தார். பட்டத்தின் பெயரை முன்மொழிந்தவர் மகாதேவன். பொன்னாடையையும் அவரே டாண்டினாங் கடைத்தெருவில் பார்த்து எடுத்துவிட்டார். மற்றவர்கள் எடுத்தால் ஜரிகை மட்டமாக இருக்கும்.

சின்னக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் லாக்ராஸ் அணிக்கு அவர் பயிற்சியாளர். கழி நுனியில் வலை கட்டிப் பந்தை அள்ளி எறியும் அந்த ஆட்டத்தை, வேலைக்கு மனுப் போட்ட பிறகுதான் யூட்யூபில் முதன்முதலாகப் பார்த்தார். ஊரில் ஹாக்கி அணியில் பன்னிரண்டாவது ஆளாகப் பெஞ்சைத் தேய்த்த அனுபவம் கை கொடுத்தது.

'மாநிலத்தின் தலைசிறந்த நான்கு அணிகளில் ஒன்று' என்று தன் அணியைப் பற்றி எழுதிக்கொள்வார். பொய்யில்லை. அவர்கள் ஆடிய லீகில் இருந்ததே நான்கு அணிகள்தான்.

இன்றைக்கு அரையிறுதி. நான்கு அணி லீகில் அரையிறுதிக்குப் போக உயிரோடு இருந்தால் போதும். ஆனால் இந்த முறையும் ஃபைனலுக்குப் போகவில்லை என்றால் அணியைக் கலைத்துவிடுவோம், உங்கள் வேலையும் அதோடு சரி என்று கல்லூரி முதல்வர் வியாழக்கிழமை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அதனால் காலையிலேயே கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு ஓடிப்போய் அணியின் பேரில் ஓர் அர்ச்சனை. குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது தன்னுடையதைச் சொல்லி வைத்தார்.

முதல் பாதி முழுக்கக் கொட்டு கொட்டென்று மழை. மகாதேவன் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஜெகதீஷுக்குப் பேட்டி கொடுத்தார். "நான் யார் முகத்தையும் பாக்க மாட்டேன். நம்பர், ஆட்டம், அவ்வளவுதான். முகத்தைப் பாத்தா பாசம் வந்துடும்."

வைப்பர் விலகிய இடைவெளியில் ஸ்கோர் மட்டும் தெரிந்தது. ஐந்துக்கு மூன்று, நம்ம பக்கம். ஆடியவர்களோ ஹெல்மெட்டும் கழுத்துவரை சேறுமாக, பெற்றவள் வந்தாலும் அடையாளம் காண முடியாத கோலத்தில் இருந்தார்கள். இடைவேளை விசில் கேட்டதும் காருக்கு அருகில் இருந்த கூடாரத்துக்கு ஓடி வந்தவர்தான், இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் முழங்க ஆரம்பித்தார்.

"நாம ஜெயிச்சிட்டிருக்கோம். ஏன்? நம்ம ஓட்டையெல்லாம் எதிராளிக்கு இன்னும் தெரியல. கோல்கீப்பர், எந்திரி. உன் இடது முழங்கால் மடங்காது. அந்தப் பக்கம் தாழ்வா ஒரு பந்து வந்தா நீ அவுட். வெளிய காட்டிக்காத."

மார்புக் கவசத்தோடு எழுந்த பையன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான். ஒருமுறை மடக்கி நீட்டினான்.

"அப்புறம் ஏழாம் நம்பர். கோல் போடறவன் நீ ஒருத்தன்தான். ரெண்டு பேர் சேந்து உன்னை அடைச்சா நம்ம கதை முடிஞ்சது."

ஒருவன் கையுறையைக் கழற்றி மணிக்கட்டில் பேனாவால் எதையோ குறித்துக்கொண்டான். இன்னொருவன் கையைத் தூக்கினான். "கோச், இடப்பக்கம்னா கோல்கீப்பருக்கு இடப்பக்கமா, எதிர்ல நிக்கிறவனுக்கா?"

ஒன்பது வருடத்தில் ஒருவனும் மகாதேவனிடம் கேள்வி கேட்டதில்லை. அவர் வாயைத் திறந்தாலே பாதிப் பேர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்துவிடுவார்கள். நெகிழ்ந்துபோய், கடைசிக் குவாட்டருக்கான திட்டம் முழுவதையும் வெள்ளைப் பலகையில் அம்பு அம்பாக வரைந்து காட்டினார். மாநிறப் பையன் ஒருவன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

"நீ தமிழாப்பா?"

"ஓம் அங்கிள். அனுஷன்."

"நம்ம டீம்ல ஒரு தமிழ்ப் பையன்! எனக்குத் தெரியாமப் போச்சே. புதுசா?"

"மூண்டு வருசமா விளையாடுறன் அங்கிள். உங்கட பேச்சை இண்டைக்குத்தான் கேக்கிறன்."

"முன்னாடியே காதைத் திறந்து வச்சிருந்தா இந்நேரம் எங்கயோ போயிருப்ப," என்றார் மகாதேவன். பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள்.

விசில் ஊதியது. பையன்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டு, மழைக்குள் ஓடினார்கள். இதுவும் ஒன்பது வருடத்தில் நடக்காதது. ஜெகதீஷ் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

மகாதேவன் அனுஷனைப் போகவிடாமல் தோளில் கை போட்டு இழுத்து, கேமராவைப் பார்த்து நிமிர்ந்தார். "தம்பி, மன்றத்துக்காகத் தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. இன்னைக்கு நீங்க ஜெயிச்சா அது யாரால?"

"உங்களாலதான் அங்கிள்," என்றான் அனுஷன், ஹெல்மெட்டை மாட்டியபடி. "உங்கட டீம் பெடியள் பக்கத்துக் கூடாரத்தில நிக்கினம்."