மஞ்சள் வளையம் போட்ட உள்ளான்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, விமானமெல்லாம் நின்றுபோன காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

அப்போது கடல் தாண்டிப் போய்வரப் பறவைக்கு மட்டும்தான் வழி இருந்தது. ஞானப்பூவின் மகள் ஜெசிந்தா வடக்கே பனிநாட்டில் மாட்டிக்கொண்டாள். அங்கே உள்ளான் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலையில் சேர்ந்தாள். இங்கே தாய், ஐப்பசி பிறந்தால் அந்தக் குருவிகள் குளிருக்குத் தப்பி வந்து இறங்குகிற தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்துச் சேற்றுக்கரையில் பறவை எண்ணப் போய்விடுவாள்.

"அம்மா, மஞ்சள் வளையத்துக்காரி என் உள்ளங்கையில இருந்தவ" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் அந்த மஞ்சள் வளையக் குருவி வந்தேவிட்டது. ஞானப்பூ தொலைநோக்கியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏ தாயி, உட்காரு! கிட்ட போனா மொத்தக் கூட்டமும் பறந்துரும்" என்றார் கூட எண்ணிக்கொண்டிருந்த தொம்மை அண்ணன். "பறவையை எண்ண வந்தியா, மகளைக் கொஞ்ச வந்தியா?"

"ஒரே ஒரு தடவை தொட்டுக்கிடுதேன் அண்ணே."

"தொட விடுறதுக்கு அது என்ன, உன் வீட்டுக் கோழியா?"

உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து எண்ணி முடித்தாள். கூட்டம் தானாக எழுந்து போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். மஞ்சள் வளையத்துக்காரி நின்ற இடத்தில் சின்னதாக ஒரு கால்தடம் இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். மழை பிடித்தும் கையை எடுக்கவில்லை. தொம்மை அண்ணன் அவளுக்குக் குடை பிடித்து நின்றார்.

உங்கள் வீட்டிலிருந்து தூரதேசம் போனவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே வரட்டும் கண்ணுகளா. உங்கள் கை எட்டுகிற தூரத்தில் இருந்து சாப்பிடட்டும்.